அலுவலக அறைக்கும் ஒரு பதக்கம்: அறிவியல் சங்கங்களின் ஆட்சிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் ஆட்சிக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் விருதுப் பரிந்துரைகள் கேட்டு உங்களிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வருகிறது. வாழ்நாள் சாதனைக்கு ஒன்று, இளம் ஆய்வாளருக்கு ஒன்று, சிறந்த ஆய்வுக் கட்டுரைக்கு ஒன்று, அறிவியலை மக்களிடம் கொண்டுசேர்த்தவருக்கு ஒன்று என்று பட்டியல் நீளும். அந்தச் சுற்றறிக்கையைத் தயாரிப்பவர் ஒருவர் இருக்கிறார். முகவரி மாறிய உறுப்பினர்களைத் திருத்தி அனுப்புவதும், வந்து சேரும் பரிந்துரைகளில் கையெழுத்து விட்டுப்போனதையும் சான்றுக் கடிதம் குறைவதையும் கண்டுபிடிப்பதும், கெடு முடிவதற்குள் ஆளுக்கு ஆள் நினைவூட்டுவதும், கடைசியில் எல்லாவற்றையும் கோப்பாக்கித் தேர்வுக் குழுவின் முன்னால் வைப்பதும் அவர்தான். சங்கத்தின் அலுவலகச் செயலர். நிர்வாக அலுவலர், மேலாளர் என்று சில இடங்களில் பதவிப் பெயர் மாறும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபது, முப்பது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பெயரை யாராவது பரிந்துரைக்க நினைத்தாலும் முடியாது. நான் படித்துப் பார்த்த விதிமுறைகளில், விருதுக்குரியவர் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும், அந்தத் துறையில் ஆய்வுப் பங்களிப்பு செய்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அலுவலகச் செயலர் சம்பளம் வாங்கும் ஊழியர், உறுப்பினர் இல்லை. ஆக, அத்தனை பேருக்கும் விருதுக் கோப்பு தயாரித்தவருக்கு ஒரு கோப்பு திறக்க வழியே கிடையாது.

இதை மாற்றச் சொல்லித்தான் எழுதுகிறேன். நீண்ட காலம் நிர்வாகப் பணி செய்தவர்களுக்கு, அறிவியல் பதக்கங்களுக்கு நிகரான ஒரு கௌரவத்தை ஒவ்வொரு சங்கமும் ஏற்படுத்த வேண்டும். நிகரான என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஓய்வு பெறும் நாளில் தேநீர் இடைவேளையில் கொடுத்து முடிக்கும் நினைவுப் பரிசைப் பற்றி நான் பேசவில்லை.

அறிவியல் சங்கம் என்ற அமைப்பே அலுவலக வேலையில் பிறந்தது. லண்டன் ராயல் சொசைட்டியின் முதல் செயலர்களில் ஒருவரான ஹென்றி ஓல்டன்பர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரில் எந்த விதியும் இல்லை, சமன்பாடும் இல்லை. அவர் செய்தது கடிதம் எழுதியது. ஐரோப்பா முழுவதும் யார் எதை ஆராய்கிறார்கள் என்று விசாரித்தார், வந்த கடிதங்களை மொழிபெயர்த்தார், கூட்டத்தில் படித்தார், பதில் போட்டார், யார் எப்போது எதைச் சொன்னார்கள் என்று பதிவு செய்துவைத்தார். 1665 மார்ச்சில் ‘பிலசாபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழைத் தன் சொந்தப் பொறுப்பில், சொந்தச் செலவில் தொடங்கினார். இன்றுவரை வரும் இதழ் அது. டெல்ஃப்ட் நகரத்தில் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த லீவன்ஹூக்கைப் பற்றி 1673இல் டச்சு மருத்துவர் டி கிராஃப் எழுதிய அறிமுகக் கடிதம் இவருக்குத்தான் வந்தது. லத்தீன் தெரியாத, பல்கலைக்கழகம் போகாத ஒருவரின் நுண்ணோக்கிக் குறிப்புகள் அறிவியல் உலகத்துக்குக் கிடைத்தது, செயலர் ஒருவர் கடிதத்தைப் பிரித்துப் படித்து, மதித்துப் பதில் போட்டதால்தான்.

இதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன? முதல் சில ஆண்டுகள் சம்பளமே கிடையாது. 1667இல் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் போர் நடந்தபோது, வெளிநாட்டுக்காரர்களோடு இத்தனை கடிதத் தொடர்பா என்று சந்தேகப்பட்டு அவரைப் பிடித்து லண்டன் டவரில் அடைத்துவிட்டார்கள். இரண்டு மாதம் போல உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் திரும்பவும் அதே கடிதங்கள், அதே பதிவேடு. 1677இல் அவர் இறந்ததும் இதழ் தடுமாறியது. 1679இலிருந்து 1682 வரை அது வெளிவரவே இல்லை. நியூட்டனும் ஹூக்கும் ஹாலியும் இருந்த காலம் அது, அறிவுக்கு அங்கே குறைச்சல் இல்லை. அச்சகத்துக்கும் ஆசிரியருக்கும் வாசகருக்கும் நடுவே தினமும் உட்கார்ந்து வேலை பார்த்த ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஹாலியின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். வால்நட்சத்திரத்தால் அறியப்படும் அதே எட்மண்ட் ஹாலி 1686இல் ராயல் சொசைட்டியின் எழுத்தர் வேலைக்கு வந்தார். அந்த ஆண்டு சங்கம் மீன்களைப் பற்றிய ஒரு பெரிய படநூலை அச்சிட்டுக் கையில் இருந்த பணத்தைக் கரைத்துவிட்டது. இயக்க விதிகளையும் ஈர்ப்பு விதியையும் சொன்ன நியூட்டனின் ‘பிரின்சிபியா’ நூலை அச்சிடக் காசு இல்லை. ஹாலி தன் பணத்தைப் போட்டு அச்சிட்டார். அவருக்குத் தர வேண்டிய சம்பளத்துக்குப் பதில் விற்காத மீன் புத்தகப் பிரதிகளைக் கொடுத்தார்கள். 1687இல் வெளிவந்த நூலின் முகப்புப் பக்கத்தில் அச்சிட அனுமதி தந்தவர் என்று சங்கத் தலைவர் சாமுவேல் பெப்பிஸின் பெயர் பெரிதாக இருக்கிறது. முறைப்படி அது சரிதான். ஆனால் நியூட்டன் முன்னுரையில் ஒரு காரியம் செய்தார். ஹாலி அச்சுப் பிழைகளைத் திருத்தியது, படங்களுக்கான அச்சுக்கட்டைகளைத் தயார் செய்ய வைத்தது, தன்னைத் தூண்டி இந்த நூல் வெளிவர வழிசெய்தது என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு எழுதினார். நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்கவில்லை. என்ன வேலை செய்தார் என்று சொன்னார். நிர்வாகப் பணியைக் கௌரவிப்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஓல்டன்பர்க்கும் ஹாலியும் பெயர் நிலைத்தவர்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரி, பெயர் நிலைக்காத ஒருவரைப் பார்ப்போம். அதற்கு முன் அவர் காலத்துச் செயலரைச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1854 முதல் 1885 வரை 31 ஆண்டுகள் அதே ராயல் சொசைட்டியின் செயலராக இருந்தார். பாய்மங்களின் இயக்கச் சமன்பாட்டில் அவர் பெயர் இருப்பதால் பொறியியல் மாணவர் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அந்த 31 ஆண்டுகளும் அதே சங்கத்தின் அலுவலகத்தில் வால்டர் வைட் என்று ஒருவர் வேலை பார்த்தார். மரச்சாமான் செய்யும் தொழிலிலிருந்து வந்தவர். 1844இல் நூலக உதவியாளராகச் சேர்ந்து, 1861இல் சம்பளம் பெறும் உதவிச் செயலராகி, 1885 வரை பணியில் இருந்தார். ஸ்டோக்ஸ் கட்டுரைகளுக்கு மதிப்பாய்வு கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த காலமெல்லாம் நூலகத்தையும் அலுவலகத்தையும் நடத்தியவர் வைட். செயலர் பொறுப்பை விட்ட அதே 1885இல் ஸ்டோக்ஸ் சங்கத்தின் தலைவரானார். அதற்கு அவர் முழுத் தகுதி உடையவர். வைட்டின் பெயரை அறிவியல் வரலாறு படிப்பவர்களில்கூடச் சிலரே கேள்விப்பட்டிருப்பார்கள்.

நம் பக்கத்திலும் இதே கதைதான். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907இல் தொடங்கிய வி. ராமசுவாமி ஐயர் கல்லூரிப் பேராசிரியராக அல்ல, டெபுடி கலெக்டராக உத்தியோகம் பார்த்தவர். நண்பர்களுக்குக் கடிதம் எழுதி ஆள் சேர்த்து, சந்தா வசூலித்து, வெளிநாட்டு இதழ்களை வாங்கி உறுப்பினர்களுக்கு அஞ்சலில் சுற்றுக்கு விட்டு அந்தச் சங்கம் வளர்ந்தது. அந்தச் சங்கத்தின் இதழில்தான் 1911இல் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. இதழ் இருந்தது, அதை ஒழுங்காக நடத்த ஆள் இருந்தது. அதனால் அந்தக் கட்டுரைக்கு ஓர் இடம் இருந்தது.

அமெரிக்கக் கணிதச் சங்கத்தில் நடந்த ஒன்று என்னை ரொம்ப யோசிக்கவைத்தது. ஃபிராங்க் நெல்சன் கோல் அதன் செயலராக 25 ஆண்டுகள் இருந்தார், 21 ஆண்டுகள் அதன் இதழாசிரியராகவும் இருந்தார். 2இன் 67ஆவது அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் 147,573,952,589,676,412,927 என்ற எண்ணுக்கு 193,707,721 என்றும் 761,838,257,287 என்றும் இரண்டு காரணிகள் இருப்பதை 1903இல் காட்டியவரும் இவர்தான். அவர் ஓய்வு பெற்றபோது சங்கத்தார் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அதை அவர் சங்கத்துக்கே திருப்பிக் கொடுத்தார். அதிலிருந்து உருவானதுதான் கோல் பரிசு, 1928 முதல் வழங்கப்படுகிறது. எதற்கு வழங்கப்படுகிறது தெரியுமா? இயற்கணிதத்துக்கும் எண் கோட்பாட்டுக்கும். கால் நூற்றாண்டு நிர்வாகப் பணிக்காகத் திரண்ட பணம், ஆய்வுப் பரிசாக மாறிவிட்டது. கோலின் பெருந்தன்மையை வணங்குகிறேன். ஆனாலும், அந்தப் பணி எதுவோ அதற்கென்றே ஒரு பரிசு அன்றைக்கு உருவாகியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றாமல் இல்லை.

சேவைக்கென்று விருது வைத்த சங்கங்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்க வானியல் சங்கம் ஜார்ஜ் வான் பீஸ்புரூக் பெயரில் ஒரு பரிசு தருகிறது. வானியலுக்கு நீண்ட காலம், தன்னலம் பாராமல், பல நேரங்களில் சம்பளத்துக்குரிய கடமையைத் தாண்டி உழைத்தவருக்கு அது. லண்டன் ராயல் வானியல் சங்கத்திலும் சேவை விருது இருக்கிறது. ஆக, இது முடியாத காரியம் இல்லை. ஆனால் சேவை விருது என்று பெயர் வைத்தாலே போதாது. பேராசிரியர் பதவியில் இருந்துகொண்டு குழுக்களில் பணியாற்றியவர்களுக்கே அது ஆண்டுதோறும் போய்ச்சேர்ந்தால் அலுவலக அறை பழையபடி வெளியேதான் நிற்கும். சம்பள ஊழியரும் இதற்குத் தகுதியானவர் என்று விதியில் எழுத்தாலேயே இருக்க வேண்டும்.

அந்த அறையில் என்னதான் நடக்கிறது என்று ஆட்சிக் குழுவில் புதிதாக வருபவர்களுக்குத் தெரிவதில்லை, தெரிந்துகொள்ளும் முன்பே அவர்கள் பதவிக்காலம் முடிந்துவிடுகிறது. தலைவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறுவார். பொருளாளர் மாறுவார். இதழாசிரியர் மாறுவார். மாறாமல் இருப்பவர் அலுவலகச் செயலர் ஒருவர்தான். சந்தா கட்டாத உறுப்பினரில் யார் மறந்தவர், யார் நோயில் இருப்பவர், யார் வேலை இழந்தவர் என்று அவருக்குத் தெரியும். கடைசி வகையினருக்கு நினைவூட்டல் கடிதம் எந்தத் தொனியில் போக வேண்டும் என்பதும் தெரியும். மாநாட்டுக்கு வரும் வெளிநாட்டுப் பேச்சாளருக்கு விசா அழைப்புக் கடிதம் எந்த மாதம் போகாவிட்டால் ஆள் வந்து சேரமாட்டார் என்பது அவர் கணக்கில் இருக்கும். எந்த மதிப்பாய்வாளருக்கு ஒரு நினைவூட்டல் போதும், யாருக்குத் தொலைபேசியில் பேசினால்தான் அறிக்கை வரும் என்பதும். தணிக்கையாளர் கேட்கும் ரசீது எந்தக் கோப்பில் இருக்கிறது என்பது இருக்கட்டும். ஒரு அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கான நன்கொடையை எந்த நிபந்தனையோடு அந்தக் குடும்பம் கொடுத்தது, அதை வேறு செலவுக்கு எடுக்க முடியுமா முடியாதா என்று ஆட்சிக் குழுவே விவாதித்துக்கொண்டிருக்கும்போது பழைய கூட்டக் குறிப்பை எடுத்து வந்து நீட்டுபவர் அவர்.

கூட்டக் குறிப்பு எழுதுவதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் பத்துப் பதினைந்து பேர் ஒரே சமயத்தில் பேசியதை, யாரையும் புண்படுத்தாமல், யார் பக்கமும் சாயாமல், எடுத்த முடிவு இதுதான் என்று அரைப் பக்கத்தில் எழுதுவது எளிதான வேலை இல்லை. சங்கத்துக்குள் பிளவு வரும் காலத்தில் இரு தரப்பும் நம்பிக் கையெழுத்துப் போடும் ஒரே காகிதம் அதுவாக இருக்கும். அந்த நம்பிக்கையை ஒருவர் சம்பாதிக்கப் பல வருடங்கள் ஆகும்.

நான் உறுப்பினராக இருந்த ஒரு சங்கத்தில் இப்படி ஒருவர் இருந்தார். சங்கத்தின் பெயரும் அவர் பெயரும் இங்கே வேண்டாம். கையெழுத்துப் பிரதிகள் தபாலில் வந்த காலத்தில் சேர்ந்தவர், இணையவழிச் சமர்ப்பிப்பு வந்தபோது முதலில் தான் கற்றுக்கொண்டு மூத்த பேராசிரியர்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற ஆண்டு மாநாட்டில் அவரைப் பற்றிப் பேசியது நன்றியுரையின் கடைசிப் பகுதியில். பேருந்து ஏற்பாட்டாளருக்கும் ஒலிபெருக்கி அமைத்தவருக்கும் நடுவே அவர் பெயர் வந்தது. அரங்கம் பாதி காலியாகியிருந்தது. அந்த ஆண்டின் கூட்டக் குறிப்பில் அவர் ஓய்வு பெற்ற செய்தி ஒரே வரி. எழுதியது அவரேதான். யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் அப்படி ஒரு இடமே யாரும் வைத்திருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

இதைப் பேசும்போது இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, அவர் சம்பளத்துக்குச் செய்த வேலைதானே என்பது. ஆய்வாளர்களும் சம்பளத்துக்குத்தான் ஆய்வு செய்கிறார்கள். பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ மாதாமாதம் ஊதியம் கொடுத்த ஆய்வுக்குத்தான் நாம் பதக்கம் போடுகிறோம். அங்கே எழாத கேள்வி இங்கே மட்டும் ஏன் எழ வேண்டும்? இரண்டாவது, நிர்வாகப் பணியை அளப்பது எப்படி என்பது. கட்டுரை எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை போல இதற்கு எண் கிடையாது, உண்மைதான். ஆனால் அவரோடு பணியாற்றிய முன்னாள் தலைவர்கள் நாலு பேரையும், அவரை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல் கடிதத்தில் மட்டும் பழகிய உறுப்பினர்கள் சிலரையும் எழுதச் சொல்லுங்கள். தேர்வுக் குழு முடிவெடுக்க அது தாராளமாகப் போதும்.

செய்வதானால் எப்படிச் செய்யலாம் என்று எனக்குச் சில யோசனைகள். பரிந்துரைகள் அலுவலக முகவரிக்கு வரக் கூடாது, ஆட்சிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு நேராகப் போக வேண்டும். இல்லையென்றால் தன்னைப் பற்றிய கோப்பை அவரே பிரித்து வகைப்படுத்தும்படி ஆகும். பாராட்டுரையில் நியூட்டன் செய்ததுபோல வேலைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ‘அயராத உழைப்பு’, ‘அர்ப்பணிப்பு’ என்ற வார்த்தைகளை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். எந்த ஆண்டு உறுப்பினர் பட்டியலைக் கணினிக்கு மாற்றினார், எந்த நெருக்கடியில் இதழ் தாமதமாகாமல் பார்த்துக்கொண்டார் என்பதை அவருக்கு மட்டும்தான் எழுத முடியும். விருதை மற்ற பதக்கங்கள் வழங்கும் அதே மேடையில், அதே அமர்வில் வழங்குங்கள், ஏற்புரைக்கும் நேரம் கொடுங்கள். அதோடு மதிப்புறு உறுப்பினர் தகுதியும் வாழ்நாள் முழுவதற்கும் தரலாம்.

பணியில் இருக்கும்போதே கொடுங்கள். ஓய்வுக்குப் பிறகுதான் என்று வைத்தால், அந்த மதிப்பு அவருடைய அன்றாட வேலையில் எந்த மாற்றமும் கொண்டுவராது. பதக்கம் பெற்ற செயலர் சொல்லும் யோசனையை ஆட்சிக் குழு கவனித்துக் கேட்கும். அது சங்கத்துக்கே நல்லது.

ஓய்வு நெருங்கும்போது அவரை உட்காரவைத்து நீண்ட நேர்காணல் ஒன்றைப் பதிவு செய்யுங்கள். அமெரிக்க இயற்பியல் நிறுவனம் பல ஆண்டுகளாக இயற்பியலாளர்களின் நேர்காணல்களைப் பதிவு செய்து பாதுகாத்துவருகிறது. வரலாற்றாளர்களுக்கு அது பொக்கிஷம். சங்கங்களின் உள்வரலாறு அலுவலகச் செயலர்களின் நினைவில் இருக்கிறது. எழுதிவைக்காவிட்டால் அவர்களோடு போய்விடும். அவர் காலமானால் இதழில் அஞ்சலிக் குறிப்பு வர வேண்டும், புகைப்படத்தோடு, ஆய்வாளர்களுக்கு வருவதுபோல.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பதக்கம் கொடுத்துவிட்டோம் என்று ஊதிய உயர்வையும் ஓய்வூதியத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் தள்ளிப்போடும் சங்கத்துக்கு இந்த விருதை வழங்கும் அருகதை கிடையாது. ‘ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவர்’ என்று பாராட்டுரையில் எழுதவும் வேண்டாம். அவர் விடுப்பு எடுக்க முடியாதபடி ஆள் பற்றாக்குறையில் அலுவலகத்தை வைத்திருந்தோம் என்றுதான் அதற்குப் பொருள். நேரத்துக்கு வீட்டுக்குப் போகவும், பயிற்சி பெற்ற அடுத்த ஆளிடம் பொறுப்பை நிதானமாக ஒப்படைத்துவிட்டு விடைபெறவும் அவருக்கு வாய்ப்பு இருக்க வேண்டும். ஓல்டன்பர்க் இறந்ததும் இதழ் நின்றுபோனதற்கு, எல்லாம் ஒரே ஆளின் தலையில் இருந்ததும் ஒரு காரணம்.

உங்கள் அடுத்த ஆட்சிக் குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். தீர்மான வாசகத்தை நானே எழுதித் தருகிறேன், உங்கள் விதிமுறைக்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள்:

“சங்கத்தின் நிர்வாகத்தில் பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றியவர்களுக்கு, அவர் சங்கத்தின் உறுப்பினராக இருந்தாலும் ஊதியம் பெறும் ஊழியராக இருந்தாலும், நிர்வாகப் பணிக்கான பதக்கம் ஒன்று வழங்கப்படும். பணியில் இருப்பவரும் ஓய்வு பெற்றவரும் இதற்குத் தகுதி உடையவர்கள். இந்தப் பதக்கம் சங்கத்தின் அறிவியல் பதக்கங்களுக்கு நிகரானது. அவற்றோடு ஒரே அமர்வில் வழங்கப்படும். பாராட்டுரை முழுமையாகச் சங்கத்தின் இதழில் அச்சிடப்படும்.”

தீர்மானம் நிறைவேறும் அன்று கூட்டக் குறிப்பை ஆட்சிக் குழு உறுப்பினர் ஒருவர் எழுதட்டும்.

அன்புடனும் மரியாதையுடனும்,
நீண்ட நாள் உறுப்பினர் ஒருவர்